35.5 எப்படி வந்தது என்றும் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். முதல் 20 தனிமங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள், ஆனால் குளோரினின் அணு நிறை ஏன் 35.5, அரை நியூட்ரான் என்று ஒன்று உண்டா என்று கேட்டால் விழிக்கிறாள். வகுப்பில் கேட்டதற்கு, "பரீட்சையில் அது வராது" என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு மனசே கேட்கவில்லை.

விஷயம் அப்படியொன்றும் கடினமில்லை. இயற்கையில் உள்ள குளோரின் அணுக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிறை எண், அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை, 35 உள்ளவை, மீதி 37. எல்லாவற்றிலும் புரோட்டான் 17தான், நியூட்ரான் மட்டும் 18 அல்லது 20. சராசரி போட்டால் 35.5 வந்துவிடும், அவ்வளவுதான்.

அப்புறம் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ். 1869-ல் தனிமங்களுக்கு அட்டவணை போட்டபோது, அலுமினியத்தின் குடும்பத்தில் ஓர் இடத்தை நிரப்பாமல் விட்டு, அங்கே வரவேண்டியதன் அணு நிறை 68 இருக்கும் என்று துணிந்து எழுதினார். 1875-ல் காலியம் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் அணு நிறை ஏறத்தாழ 70! 30 டிகிரிக்குச் சற்று முன்பே உருகிவிடும் உலோகம் அது, உள்ளங்கையில் வைத்தாலே போதும். இதைக் கேட்ட பிள்ளை அட்டவணையை மனப்பாடப் பட்டியலாகவா பார்க்கும்?

உங்கள் மாணவர் பக்கத்தில் மாதிரி வினாத்தாள் போடுகிறீர்கள், சரி. வாரம் ஒரு "ஏன்" கேள்விக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.

ஒரு மாணவியின் தாய்,
திருநெல்வேலி