மதினிக்கு, அந்த ஊசி விஷயமாக

அன்புள்ள மதினிக்கு,

இருமினால், தும்மினால் மூத்திரம் கசிகிற விஷயத்தை வலைப்பதிவில் எழுதப்போகிறேன் என்றதும் பதறினீர்கள். அப்புறம், "பேரு போடாம எழுது, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்" என்று நீங்களே சொன்னீர்கள். பயப்படாதீர்கள். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்கள் நாலு பேர். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளையும் சேர்த்தால் பதினொன்று. எந்த மதினி என்று யாராலும் துப்புத் துலக்க முடியாது. மூன்று பேராவது தங்களைத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்து என்னோடு பேசாமல் இருக்கப்போகிறார்கள், அவ்வளவுதான்.

சாஸ்தா கோயில் காதுகுத்தில் நடந்ததை நான் பார்த்தேன். பொங்கல் அடுப்புப் புகையில் நாலு இருமல் இருமினீர்கள். ஐந்தாவது வந்தபோது அப்படியே நின்று காலைப் பின்னிக்கொண்டீர்கள். பிறகு குழாயடிக்குப் போய் நிறைகுடத்தைத் தூக்கி, இடுப்புக்குக் கீழே முழுக்க நனைகிற மாதிரி சரித்துக்கொண்டு, "குடம் வழுக்கிட்டு" என்று சிரித்தீர்கள். எல்லாரும் நம்பினார்கள். நான் நம்பவில்லை, ஏனென்றால் அதே வேலையை நானும் செய்திருக்கிறேன். என்ன, என்னுடையது குடம் இல்லை, சொம்பு.

போன வாரம் போனில் கேட்டீர்கள்: "பஜார்ல ஒருத்தர் அக்குபங்சர் பாக்காராம். கையில ஒரு இடத்தைத் தொட்டா போதுமாம், எட்டு தடவ போனா நின்னுருமாம். நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே கெடப்பியே, போவட்டுமா?" அக்குபங்சர் என்றால் சீனத்து ஊசி வைத்தியம். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் உங்கள் மருத்துவர் கொடுத்த மருந்துச் சீட்டில் இருந்த வார்த்தை. 'ஸ்ட்ரெஸ்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "எனக்கு என்னளா மன அழுத்தம், உங்க அண்ணன்தான் அழுத்தம்" என்றீர்கள். சிரிப்பாக இருந்தாலும், பலர் இதை அப்படித்தான் புரிந்துகொண்டு தூக்க மாத்திரை வரை போகிறார்கள். இங்கே ஸ்ட்ரெஸ் என்பது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம். இருமினால், தும்மினால், சிரித்தால், குடம் தூக்கினால் வயிறு மூத்திரப் பையை அழுத்துகிறது. அந்த நொடியில் சிறுநீர்க்குழாய் இறுக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் சொட்டுகிறது. அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த டிலான்சி என்ற மருத்துவர் 1994இல் இதற்கு நல்ல விளக்கம் ஒன்று கொடுத்தார். சிறுநீர்க்குழாய் கிடப்பது ஒரு தூளி மேல். தூளி விறைப்பாக இருந்தால், மேலிருந்து வரும் அழுத்தத்தில் குழாய் அதன்மேல் நசுங்கி அடைத்துக்கொள்ளும். தொய்ந்த தூளியில் குழாயும் சேர்ந்து கீழே போகும், அடைக்காது. பிரசவம், மாதவிடாய் நின்ற வயது, உடல் எடை, வருஷக்கணக்கான மலச்சிக்கல், தீராத இருமல், இவையெல்லாம் அந்தத் தூளியைத் தொய்ய வைப்பவை. உங்களுக்கு மூன்று பிரசவம். இரண்டாவது ஒன்பது மாதத்தில் நாலு கிலோ பிறந்தது என்று இன்னும் பெருமையாகச் சொல்வீர்கள். அதுவும் கணக்கில் வரும்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இதுவும் நின்றுவிடும் என்று கொழுந்தியாள் சொன்னாளாம். நிற்காது. இதற்காக யாரும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம்.

சரி, ஊசிக்கு வருகிறேன். நான் கிண்டல் பண்ணுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். பண்ண முடியவில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். 2013 வாக்கில் இந்த விஷயத்தில் உலகத்தில் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, தேறியது ஒன்றே ஒன்று, அதிலும் 60 பெண்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று முடித்துவிட்டார்கள். அதே 2013 அக்டோபரில் சீனாவில் பெரிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். பெய்ஜிங்கில் குவாங்அன்மென் மருத்துவமனையின் லியூ ஜிஷுன் தலைமையில், 12 மருத்துவமனைகளில், 504 பெண்கள். சராசரி வயது 55, கிட்டத்தட்ட உங்கள் வயது. முடிவு 2017 ஜூனில் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது.

பாதிப் பேருக்கு உண்மையான ஊசி. இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்து முக்கோண எலும்பின் மேல் ஜோங்லியாவ் என்று ஒரு புள்ளி, வால் எலும்பு நுனியை ஒட்டி ஹுய்யாங் என்று இன்னொன்று. இரண்டு பக்கமும் சேர்த்து நாலு ஊசி. குண்டூசியைவிட மெலிசு, ஆனால் மூன்று அங்குல நீளம். அதில் இரண்டு அங்குலத்துக்கு மேல் உள்ளே இறங்கும். பிறகு அதில் லேசான மின்சாரம் விடுவார்கள். ஒரு தடவைக்கு அரை மணி நேரம், வாரம் மூன்று, ஆறு வாரம், ஆக 18 தடவை. மற்றப் பாதிப் பேருக்குப் போலி ஊசி. முனை மழுங்கியது, தோலைத் தொடும், உள்ளே இறங்காது, மின்சாரமும் வராது. தனக்கு எது என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லவில்லை.

எவ்வளவு கசிகிறது என்று எப்படி அளந்தார்கள் தெரியுமா? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். உலர்ந்த நாப்கினை எடை போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் நடை, நடுவே மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். பத்துத் தடவை உட்கார்ந்து எழ வேண்டும், பத்துத் தடவை பலமாக இரும வேண்டும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிஷம் ஓட வேண்டும், ஐந்து தடவை குனிந்து தரையிலிருந்து எதையாவது எடுக்க வேண்டும், கடைசியில் ஒரு நிமிஷம் குழாய்த் தண்ணீரில் கை கழுவ வேண்டும். தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே நமக்கு வந்துவிடுமே, அதை வடிவமைத்த மகராசனுக்கும் அது தெரிந்திருக்கிறது. ஒரு மணி நேரம் முடிந்ததும் நாப்கினை மறுபடி எடை போட வேண்டும். ஒரு பெண் காலையிலிருந்து ராத்திரி வரை வீட்டில் செய்வதை ஒரு மணி நேரத்துக்குள் அடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

தொடக்கத்தில் அந்தப் பெண்களுக்குச் சராசரியாக 18, 19 கிராம் கசிந்தது. உங்களுக்குப் புரிகிற கணக்கில் இரண்டேகால் சவரனுக்குக் கொஞ்சம் மேல். ஆறு வாரம் கழித்து உண்மை ஊசிக்காரர்களுக்கு 9.9 கிராம் குறைந்திருந்தது, அதாவது ஒரு சவரனும் அதற்கு மேல் இரண்டு கிராமும். போலி ஊசிக்காரர்களுக்கு 2.6 கிராம், கால் சவரனைவிடக் கொஞ்சம் அதிகம். சிகிச்சையை நிறுத்தி ஆறு மாதம் ஆகியும் வித்தியாசம் மறையவில்லை. பக்கவிளைவும் பெரிதாக இல்லை.

மனப்பிரமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பாதிதான் குறைந்தது, நின்றுபோகவில்லை என்பதையும் பாருங்கள். ஒப்பிட்டதும் போலி ஊசியோடுதான். ஊசியா, உடற்பயிற்சியா என்று அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. அந்த ஜோங்லியாவ் புள்ளி இருக்கிற இடம் முக்கோண எலும்பின் மூன்றாவது துளை. மூத்திரப் பைக்கும், அந்தத் தூளியைத் தாங்குகிற இடுப்பு அடித்தளத் தசைக்கும் போகிற நரம்பு அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. ஆங்கில மருத்துவத்தில் அவசரமாக மூத்திரம் முட்டுகிறவர்களுக்கு இதே நரம்பின் பக்கத்தில் மின்கம்பி வைத்துத் தூண்டுவார்கள். ஆக, வேலை செய்தது சீன வைத்தியம் சொல்கிற 'சி' என்கிற உயிர்ச்சக்தியா, மின்சாரமா? என் ஊகம் மின்சாரம். சீனாக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது பஜார்க்காரரைப் பார்ப்போம். அவர் தொடப்போவது கையில், விரலால். ஊசி இல்லை, மின்சாரம் இல்லை, இடமும் வேறு, எட்டே தடவை. பேர் மட்டும்தான் ஒன்று. நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிற தொடு சிகிச்சைக்கு அந்த 504 பெண்கள் சாட்சி சொல்ல முடியாது. திருநெல்வேலி அல்வா நன்றாயிருக்கும் என்றால், அந்தப் பேரில் ரயிலில் விற்பதெல்லாம் நன்றாயிருக்குமா? 2019இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது உண்மைதான். பலகை மாட்டியிருக்கிற எல்லாரும் படித்தவர்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. போயே ஆக வேண்டும் என்றால், ஊசி போடத் தெரிந்த, யோகா இயற்கை மருத்துவப் பட்டம் படித்த மருத்துவரிடம் போங்கள். சீன ஆய்வில் போட்ட அந்த இடங்களில், மின்சாரத்தோடு, புது ஊசியில் போடுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு அது கூடாது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உங்களுக்கு இரண்டும் இல்லை. இன்னொன்று: யார் சொன்னாலும் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். "இங்கிலீஷ் மருந்தை விட்டாத்தான் இது வேலை செய்யும்" என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இனி என் கதை. எனக்கு 44இல் ஆரம்பித்தது. ஒரு ஆஸ்பத்திரியில் சொன்னேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "வயசாகுதுல்லம்மா, சகஜந்தான்" என்றார்கள். வெளியே வந்து மருந்துக்கடையில் நாப்கின் வாங்கினேன். கருப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். இரண்டு வருஷம் அதோடு ஓட்டினேன். பஸ் பயணம் என்றால் முந்தின ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுவேன். அதனால் மூத்திரக் கடுப்பு வந்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு பிசியோதெரபி அம்மா கிடைத்தார். கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948இல் எழுதிய, அந்த அடித்தளத் தசையை இறுக்கி விடுகிற பயிற்சிதான், இப்போது யூடியூப் முழுக்க இருக்கிறது. நானும் பார்த்து ஏற்கெனவே இரண்டு மாதம் செய்திருந்தேன். அந்த அம்மா கையுறை போட்டு ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க மேலே இழுக்கலை, கீழே முக்கிட்டிருக்கீங்க" என்றார். இரண்டு மாதமாகத் தூளியை நானே தொய்ய வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! சரியான முறை இதுதான்: பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது வாயு பிரியப் பார்த்தால் எப்படி உள்ளே இழுத்துப் பிடிப்பீர்கள், அந்தப் பிடி. வயிறு இறுகக் கூடாது, தொடை சேரக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. எட்டுத் தடவை இழுத்து, ஒவ்வொரு தடவையும் முழுசாக விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூத்திரம் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவது தப்பு.

மூன்று மாதமா என்று மலைக்காதீர்கள். 2018இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், இந்தப் பயிற்சி செய்தவர்களில் 100க்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேர். இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதலும் முதலில் இதைத்தான் சொல்கிறது. ஊசிக்கு முன்னால் இது, மதினி. எடை குறைந்தால் கசிவும் குறையும் என்பதற்கும் நல்ல ஆய்வு இருக்கிறது, ஆனால் அதைச் சொன்னால் போனை வைத்துவிடுவீர்கள். இதிலெல்லாம் சரியாகாவிட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

உடனே உதவுகிற ஒரு சின்ன வித்தை மட்டும் சொல்கிறேன். தும்மல் வருகிறது என்று மூக்கு சொல்லும் அல்லவா, அந்த ஒரு நொடியில் அந்தப் பிடியைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் தும்முங்கள். நான் இப்போது யோசிக்காமலே செய்கிறேன். நூற்றுக்கு நூறு நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வடிவேலு காமெடி பார்த்தால் இன்னும் ஒரு சொட்டு வருகிறது. சொம்பு மட்டும் தேவைப்படவில்லை.

எழுத எழுத உறுத்திய விஷயம் ஒன்று. அந்த இருமல் உங்களுக்கு எப்போது ஆரம்பித்தது? போன தீபாவளிக்கு இல்லை. பிரஷர் மாத்திரையை மாற்றியது தை மாதம் என்றீர்கள். ராமிப்ரில், எனாலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு, அதிலும் பெண்களுக்கு, சளியே இல்லாத வறட்டு இருமலைக் கொடுக்கும். உங்களுக்கு அதுதான் என்றால், மருத்துவர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்த சில வாரங்களில் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடலாம், கையைத் தொடவும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேட்டுவிட்டு மாற்றலாம். அப்படியே சிறுநீர்ப் பரிசோதனையும் ஒன்று எடுத்துவிடலாம். சர்க்கரை ஏறியிருந்தாலும், உள்ளே கிருமி இருந்தாலும் இதேபோல் படுத்தும்.

வெள்ளிக்கிழமை வருகிறேன், சேர்ந்தே போவோம். அண்ணனிடம் பல்வலி என்று சொல்லிவிடுங்கள். மாத்திரை அட்டையைக் கிழித்துப் போடாமல் பேர் தெரிகிற பக்கத்தோடு எடுத்து வையுங்கள். காலையில் தண்ணீர் குடித்துவிட்டே வாங்க, போகிற வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று எனக்கு அத்துபடி.

அன்புடன்,
உங்கள் சின்னவள்