வரிசை என்று நீ சொன்னது

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. “சட்டத்தை மீறி அமெரிக்கா வந்தவங்க போகத்தானேம்மா வேணும், நாம வரிசையில நின்னுதானே வந்தோம்” என்றாய். நான் உடனே பேச்சை மாற்றி, அங்கே மழை எப்படி, காருக்கு டயர் மாற்றினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. நீ பிறந்ததிலிருந்து உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது, அப்பா பக்கத்து அறையில் இருக்கும்போது அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளியில் படித்ததை வைத்து மெதுவாகப் படி. இப்போது எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2001 அக்டோபர். நீ பிறக்க இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அப்பா வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பலரையும் கூப்பிட்டுக் கையில் ஒரு உறையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அப்பாவையும் சேர்த்து. இப்போது ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் வரை அவகாசம் உண்டு. அந்த விதி 2017 ஜனவரியில்தான் வந்தது. அன்றைக்கு அப்படி ஒன்றும் கிடையாது, வேலை போன நாளோடு இங்கே சட்டப்படி இருக்கும் ஸ்டேட்டஸும் போனது, அவரோடு ஒட்டிக்கொண்டிருந்த என் ஹெச்-4 என்ற மனைவி விசாவும் போனது. பாஸ்போர்ட்டில் ஐ-94 என்று ஒரு சின்ன வெள்ளை அட்டையைப் பின் அடித்துத் தருவார்கள், எது வரை தங்கலாம் என்று அதில் எழுதியிருந்த தேதிக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் மிச்சமிருந்தது. ராத்திரியில் அதை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். தேதி இருக்கிறது, இருப்பதற்கான காரணம் போய்விட்டது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

சட்டப்படி நாங்கள் பெட்டி கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம், கார் கடன், உன் அத்தை கல்யாணத்துக்கு வாங்கிய பணம். ஏழு வாரம் அப்படியே இருந்தோம். அந்த ஏழு வாரமும் அப்பா போர்டில் போட்ட வேகத்துக்கு ஐந்து மைல் குறைவாகவே ஓட்டினார், பின்னால் போலீஸ் கார் வந்தால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இறுகிவிடும், நான் பேச்சை நிறுத்திவிடுவேன். எட்டாவது வாரம் வேலை கிடைத்தது. புதுக் கம்பெனி போட்ட மனுவைப் பார்த்த அதிகாரி அந்த இடைவெளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மன்னித்தாரா, கவனிக்காமல் விட்டாரா, இன்றைக்கு வரை தெரியாது.

அப்புறம் 2007. ஜூலை மாதம் வேலை வழியாக விண்ணப்பிக்கிற கிட்டத்தட்ட எல்லாருக்கும் கதவு திறந்திருக்கிறது, நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். மருத்துவச் சான்று, தடுப்பூசி, போட்டோ என்று ஊரே அலைந்தது. ஜூலை 2-ஆம் தேதி, இல்லை, மூடிவிட்டோம் என்றார்கள். நம்மவர்கள் கோபப்படாமல் குடியேற்றத் துறை இயக்குநருக்குப் பூங்கொத்துகள் அனுப்பினார்கள், காந்தி வழி என்ற அர்த்தத்தில் காந்திகிரி என்று பெயர் வைத்து நூற்றுக்கணக்கில். அவர் அதை ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். கடைசியில் ஆகஸ்ட் 17 வரை வாங்கிக்கொள்கிறோம் என்று இறங்கி வந்தார்கள். நாங்களும் பூ அனுப்பினோம். விண்ணப்பத்துக்காக எங்கெங்கே எந்தத் தேதி வரை வேலை பார்த்தோம் என்று எழுதிப் பார்த்தபோது அந்த ஏழு வாரம் வெள்ளையாகத் தெரிந்தது. வக்கீலிடம் கேட்டபோது எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அவர் கோப்பைப் புரட்டிவிட்டு, நடுவில் 2003-இல் சென்னைக்குப் போய் விசா முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வந்திருக்கிறீர்களே, அதற்கு முந்தியது இதில் கணக்கில் வராது, வந்தாலும் வேலை வழியாக விண்ணப்பிப்பவர்களுக்கு 180 நாள் வரை சட்டமே பொறுத்துக்கொள்கிறது என்றார். அவ்வளவுதான். நாங்கள் செய்த தப்பை ஒரு விமானப் பயணம் கழுவிவிட்டிருந்தது.

இதை வைத்துக்கொண்டு தியாவை நினைத்துப் பார். நினைத்தால் போதாது, ஞாபகப்படுத்திக்கொள். அந்த 2007 விண்ணப்பத்தால்தான் எனக்கு வேலை செய்யும் அனுமதி வந்தது, நான் வேலைக்குப் போனதால்தான் 2008-இல் உன்னைப் பார்த்துக்கொள்ள தியா நம் வீட்டுக்கு வந்தார். உன்னைவிட ஒரு வயது சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு வருவார், இருவருக்கும் ஒரே தட்டில்தான் ஊட்டுவார். அவருக்கு நாங்கள் ரொக்கமாகக் கொடுத்தோம். சட்டப்படி இங்கே இருக்கப் பேப்பர் இல்லாதவரை வேலைக்கு வைப்பதும் 1986-லிருந்து சட்டமீறல்தான், கண்ணா. அவர் மீறினார் என்று நீ சொன்னால் கூடவே எங்கள் பெயரையும் சொல்ல வேண்டும்.

அவர் குவாத்தமாலாவிலிருந்து 2002-இல் வந்தவர். டெக்சாஸின் தெற்கு முனையில் சவுத் பாட்ரே தீவுக்குப் போய்விட்டு 281 சாலையில் திரும்பும்போது ஃபால்ஃபுரியாஸ் ஊரின் எல்லைக் காவல் சோதனைச் சாவடியில் நம்மை நிறுத்தினார்களே, உனக்கு எட்டு வயது இருக்கும். அதிகாரி குனிந்து பார்த்து, எல்லாரும் சிட்டிசனா என்று கேட்டார், கிரீன் கார்டை நீட்டினோம், அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நான் அப்போது சாலையோரத்து முட்புதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாவடியைச் சுற்றி, பண்ணை நிலங்கள் வழியாக, இரண்டு ராத்திரி நடந்ததாகத் தியா என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அந்த ப்ரூக்ஸ் கவுண்டியில் 2012-இல் மட்டும் 129 பேரின் உடல்களை எடுத்தார்கள். மெக்சிகோ எல்லையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டிய இடம் அது. எல்லை என்றால் ஆறும் சுவரும் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

2010-இல் ஒரு நாள் சமையலறையில் உனக்குத் திராட்சையை நீளவாக்கில் இரண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார், போன் வந்தது. அவர் அம்மா இறந்துவிட்டார். கத்தியைக் கழுவி வைத்தார். குழாயை மூடவில்லை, ரொம்ப நேரம் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. டிக்கெட் நாங்கள் எடுத்துத் தருகிறோம், போய்விட்டு வாருங்கள் என்று நான் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் பேப்பர் இல்லாமல் இருந்தவர் நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் பத்து வருஷம் திரும்ப முடியாது, அது 1996-ஆம் வருஷச் சட்டம். நமக்கு எது பாவத்தைக் கழுவியதோ அதுவே அவருக்குத் தண்டனை. அன்றைக்கு அவர் உனக்குத் திராட்சையைக் கொடுத்துவிட்டு, உன்னைத் தூங்க வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பஸ் ஏறினார்.

சரி, அவர் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்பாய். எதில் விண்ணப்பிப்பது? பெரிய படிப்பும் தொழில் பயிற்சியும் இல்லாத வேலைக்காரர்களுக்கு வேலை வழியாகக் கிடைக்கும் கிரீன் கார்டு உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000-ஐத் தாண்டாது. அதற்கும் ஒரு முதலாளி முன்வந்து மனுப் போட வேண்டும். ஆயிரம் டாலர் அபராதம் கட்டி இங்கே இருந்தபடியே விண்ணப்பிக்கலாம் என்றிருந்த வழிக்கு 2001 ஏப்ரல் 30-க்குள் மனுப் போட்டிருக்க வேண்டும், அவர் வந்ததே அதற்கு அடுத்த வருஷம். அவருடைய மகள் இங்கே பிறந்தவள், 21 வயது ஆகும்போது அம்மாவுக்காக மனுப் போடலாம். ஆனால் எல்லையில் அதிகாரி பார்த்து அனுமதிக்காமல் உள்ளே வந்தவர் என்பதால் விசா வாங்க நாட்டை விட்டு வெளியே போயாக வேண்டும், போனால் அந்தப் பத்து வருஷம். அதற்கு விலக்கு கேட்கலாம்தான், ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவனோ பெற்றோரோ கஷ்டப்படுவார்கள் என்றால்தான் பார்ப்பார்கள், பெற்ற பிள்ளை படும் கஷ்டம் அந்தக் கணக்கில் சேராது. இதை வக்கீல் சொன்னபோது நான் மூன்று முறை திருப்பிக் கேட்டேன். நீ சொல்கிற வரிசை எங்கே இருக்கிறது என்று காட்டு, நானே அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறேன்.

எல்லைக்குக் காவல் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் தெற்கு எல்லையில் கிட்டத்தட்ட 2,50,000 பேரைப் பிடித்தார்கள், குடியேற்ற நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 30 லட்சத்தைத் தாண்டின. அது ஒழுங்கான நாடு நடத்தும் முறை இல்லை. அதில் லாபம் பார்த்தவர்கள் ஆள் கடத்துகிறவர்கள்தான். இப்போது தாண்டுகிறவர்கள் ரொம்பக் குறைந்துவிட்டார்கள் என்று நீ சொன்னதும் உண்மை. ஆனால் எல்லையில் செய்வதும், இருபது வருஷமாக இங்கே குடும்பமாக இருப்பவரைக் காலையில் வேலைக்குப் போகும் வழியில் பிடிப்பதும் ஒன்று இல்லை. 2025 ஜனவரியில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம் இவற்றில் கைது செய்வதைத் தவிர்க்கும் பழைய கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். தியா அதற்குப் பிறகு மூன்று மாதம் பூசைக்கே போகவில்லை.

சீர்திருத்தம் வராமலே போனதற்கு இரண்டு கட்சியும் பொறுப்பு என்பது என் அபிப்பிராயம். 2013-இல் செனட் 68-க்கு 32 என்று ஒரு சட்டத்தை நிறைவேற்றியது, எல்லைக் காவலர்களை இரண்டு மடங்காக்குவதும் அதில் இருந்தது, பேப்பர் இல்லாதவர்களுக்கு 13 வருஷப் பாதையும் இருந்தது, கீழவை அதை ஓட்டுக்கே எடுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் வந்த மசோதாவில், நம் நண்பர்களின் பிள்ளைகள் 21 வயதில் அப்பா அம்மா விசாவிலிருந்து கழன்று விழாமல் இருக்க வழி இருந்தது, எனக்கு அதில்தான் நம்பிக்கை. 60 ஓட்டு வேண்டிய இடத்தில் 49 விழுந்தது.

எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு தேதியை நகர்த்தினால் போதும். 1929-லிருந்து இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது: இன்ன தேதிக்கு முன்னால் வந்து, தொடர்ந்து இருந்து, ஒழுக்கமாக வாழ்ந்திருந்தால் எப்படி வந்தாய் என்று பார்க்காமல் கிரீன் கார்டு கேட்கலாம். அந்தத் தேதியை அவ்வப்போது முன்னுக்குக் கொண்டு வந்தார்கள். கடைசியாக நகர்த்தியது 1986-இல், 1972 ஜனவரி 1 என்று. அன்றைக்குப் பதினான்கு வருஷம் இருந்தவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் அதே தேதிதான், ஐம்பது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தால்தான் உண்டு. சுவருக்கு 4,650 கோடி டாலர் ஒதுக்க முடிகிற காங்கிரஸுக்கு, அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு, இந்த ஒரு வரியைத் திருத்த மனசு வரவில்லை. மன்னித்தால் இன்னும் வருவார்கள் என்கிறார்கள். 1986-இல் சுமார் 27 லட்சம் பேருக்குப் பேப்பர் கொடுத்தபோது, வேலை கொடுப்பவர்களைக் கண்காணிப்போம் என்ற மறுபாதியை ஒழுங்காகச் செய்யாமல் விட்டதும் அதற்குப் பிறகு இன்னும் பேர் வந்ததற்குக் காரணம், அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இது ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் பிரச்சினை என்றும் விட்டுவிடாதே. 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களை, அதில் பலரையும் கை கால் விலங்கோடு, ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுபோய் இறக்கினார்கள். அதற்கு முன்னால், 2017-இல் ஓர் இலங்கைத் தமிழர் கலிஃபோர்னியா எல்லையைத் தாண்டி 25 யார்டு வந்ததும் பிடிபட்டார். ஊரில் வேனில் வந்தவர்கள் தன்னைக் கடத்தி அடித்ததாகச் சொன்னார். விசாரித்த அதிகாரிக்கு அது போதவில்லை. நீதிபதி மறுபடி கேட்கட்டும் என்று அவர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-இல் 7-க்கு 2 என்று தோற்றது. நாம் பேசும் பாஷையில்தானே அவரும் நடந்ததைச் சொல்லியிருப்பார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி அந்த இன்னொரு காரணம். இரண்டு வாரத்துக்கு முன்னால் தியா வீட்டுக்கு வந்தார், கையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. வருஷா வருஷம் கட்டிய வரிக் காகிதங்கள், வாடகை ரசீதுகள், அவருடைய சின்ன மகனின் பள்ளி ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை, எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கியிருந்தார். சின்னவனுக்கு இப்போது பதினான்கு. அவரைப் பிடித்துவிட்டால் அவனைப் பள்ளியில் போய்க் கூப்பிடவும், டாக்டரிடம் காட்டவும், வீட்டில் வைத்துக்கொள்ளவும் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் தாள் ஒன்று கடைசியில் இருந்தது. மகளுக்கு இருபதுதான் ஆகிறது, அவள் தலையில் எல்லாவற்றையும் வைக்க மனசில்லை என்றார். நோட்டரியிடம் போய் நான் கையெழுத்துப் போட்டேன், அப்பாவும் போட்டார்.

எங்களால் முடியாமல் போனால் அடுத்து யார் என்று அதில் ஓர் இடம் இருக்கிறது. தியா உன் பெயரைச் சொன்னார். உன்னைக் கேட்காமல் எழுத வேண்டாம் என்று அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிடு.

அம்மா