சீரை ஊரில் முடியுங்கள், விருந்துக்குக் கடல் தாண்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் கல்யாணம் நடத்துவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விடுதி, பூ அலங்காரம், புகைப்படம் என எல்லாம் விவரமாக இருந்தது; சீர் செய்கிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காங்கேயம் வட்டாரத்தில் அருமைக்காரராக, கொங்கு வழக்கப்படி கல்யாணச் சீர்களை, அதாவது சடங்குகளை, நடத்திவைக்கிறவன் நான். அதனால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு திருப்பூர்க் குடும்பம் ஒன்று, பெண்ணின் கல்யாணத்துக்காக என்னையும் என் மனைவியையும் பாலித் தீவுக்கு அழைத்துப் போனது. எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் மங்கல வாழ்த்துப் பாடும் குடிமகன் (ஊர் நாவிதரை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) வரவில்லை. அவரிடம் பாஸ்போர்ட் இல்லை என்பது ஏற்பாட்டாளர்களுக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிந்திருக்கிறது. பாட்டை ஒலிப்பதிவாகக் கொண்டுவந்து ஒலிபெருக்கியில் வைத்தார்கள். கம்பர் பாடியதென்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் வாழ்த்து அது. குடிமகன் பாடும்போது சீர் நடக்கும் வேகத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பாடுவார். வயதானவர் ஒருவர் எழுந்து வரத் தாமதமானால் நிறுத்துவார். மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மீண்டும் தொடங்குவார். ஒலிபெருக்கி யாருக்காகவும் நிற்கவில்லை. மணமக்களின் கைகளைச் சேர்த்துவைக்கும் கைகோர்வை முடிவதற்குள் பாட்டு ஓய்ந்துபோனது. பெண்ணின் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை.

கல்யாணத்தில் வழிபடும் ஊர்க் கல்லான நாட்டுக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. முகூர்த்தக்காலுக்கு வெட்டிய கிளையை விமானத்தில் ஏற்றினால், போய் இறங்கும் நாட்டில் தாவர நோய்த்தடுப்புச் சான்று கேட்பார்கள். விதை, செடி எல்லாவற்றுக்கும் அதே கதைதான். நாழி நிறைய நெல் வைக்கும் நிறைநாழிக்கு நெல் மட்டும் அங்கேயே கிடைத்தது. அந்தத் தீவே நெல் விளையும் பூமி. சுபக் என்ற பெயரில் உழவர்கள் கூடித் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கிற நம் விவசாயிகள் ஒருதரமாவது பார்க்கவேண்டிய ஏற்பாடு அது.

அந்த மக்கள் தங்கள் வழக்கத்தை எவ்வளவு அக்கறையோடு காக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நாங்கள் தங்கிய வீட்டு வாசலில் ஒரு பெண்மணி தினமும் காலையில் ஓலைத் தட்டில் பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றி, தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். சானாங் சாரி என்பார்கள். படம் எடுக்க வந்தவர்கள் அதைக் காலால் ஓரம் தள்ளியதைக் கண்டு எனக்கு நெஞ்சு பதறியது. நம் வாசல் பிள்ளையாரை யாராவது அப்படித் தள்ளினால் பொறுப்போமா? கோயிலுக்குள் போனால் இடுப்பில் துணி கட்டவேண்டும். தெருவில் மேளத்தோடு மாப்பிள்ளை அழைப்பு நடத்துவதென்றால், பஞ்சார் என்ற ஊர்ச் சபையிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறவேண்டும்.

பங்குனியில் முகூர்த்தம் குறிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பாலியில் ஞெப்பி என்ற மௌன நாள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான் வருகிறது. 2025இல் மார்ச் 29, 2026இல் மார்ச் 19. அன்று முழுக்க விமான நிலையம் மூடியிருக்கும். யாரும் வெளியே நடமாடக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது.

சட்டத்தையும் பார்க்கவேண்டும். அங்கே நம் முறைப்படி தாலி கட்டிவிட்டால் மட்டும் அந்த நாட்டுப் பதிவேட்டில் கல்யாணம் ஏறிவிடாது. 1969ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி இந்தியத் தூதரகத்தில் செய்துகொள்ளலாம் என்றால், முன்னறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருக்கவேண்டும். நகை கொண்டுபோகிறவர்கள் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது; இல்லையென்றால் திரும்பும்போது சொந்த நகைக்கே கணக்குச் சொல்லவேண்டியிருக்கும்.

இத்தனையையும் பார்த்தபின் நான் கேட்டுக்கொள்வது இதுதான். நாட்டுக்கல் வழிபாடு, மாப்பிள்ளையின் சகோதரியை வைத்துச் செய்யும் இணைச்சீர், கைகோர்வை, தாலிகட்டு எல்லாவற்றையும் ஊரிலோ குலதெய்வம் கோயிலிலோ முடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிடுங்கள். அதன்பின் வரவேற்பையும் விருந்தையும் எந்தத் தீவில் வேண்டுமானாலும் வையுங்கள்; பிள்ளைகளின் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. சீரையும் அங்கேதான் செய்வோம் என்று உறுதியாக இருப்பவர்கள், விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் குடிமகன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு போய் அழையுங்கள். அவருக்கு பாஸ்போர்ட் எடுத்துக் கொடுங்கள். போகவர டிக்கெட்டும், உறவினர்களுக்குக் கொடுப்பது போன்ற அறையும், தொழிலை விட்டுவரும் நாட்களுக்கான பணமும் அவருக்குச் சேரவேண்டும்.

இப்படிக்கு,
அருமைக்காரர் ஒருவர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.