பழைய சோற்றின் தலையில் ஏன் இந்தப் பாரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், பால், முட்டை இல்லாத முழுத் தாவர உணவு பற்றிய கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி: "தினம் ஒரு கிண்ணம் பழைய சோறு இருக்க, பி12 மாத்திரை எதற்கு?" மாத்திரையும் வேண்டாம், செலவும் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? வீட்டுக்கு வீடு கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பார்கள்.

பழைய சோற்றை நான் குறை சொல்லவில்லை. கைக்குத்தல் அரிசிச் சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டால் அதற்கு ஈடே கிடையாது. ஆனால் அதன் தலையில் பி12-ஐயும் ஏற்றாதீர்கள். பி12 என்கிற வைட்டமின் சில பாக்டீரியாக்கள் மட்டும் செய்கிற சரக்கு. சோற்றைப் புளிக்க வைப்பவற்றை அதற்கு நம்ப முடியாது. ஸ்பைருலினா என்று விற்கிற பாசிப் பொடியில் இருப்பதும் பெரும்பாலும் உடம்புக்கு உதவாத போலி வடிவம். பால், தயிர், முட்டை அனைத்தையும் நிறுத்திய வீட்டில் பெரியவர்களுக்குத் தினம் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒரே தடவையாக 2000 மைக்ரோகிராம் என்று மாத்திரையாகவே போக வேண்டும். குழந்தைகளுக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கல்லீரலில் இருக்கும் கையிருப்பு சில வருஷம் ஓடும். வம்பே அங்கேதான். முதல் இரண்டு வருஷம் "ஒன்றும் ஆகலையே" என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு பாதம் மரத்துப்போகும், நாக்கு எரியும், மறதி வரும். கீரையும் பருப்பும் தாராளமாகப் புழங்கும் வீட்டில் ஃபோலேட் என்கிற இன்னொரு வைட்டமின் நிறைய கிடைப்பதால், ரத்தசோகை வெளியே தெரியாமலே நரம்பு கெடலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடும் மாமனாருக்கு பி12 உறிஞ்சுவது ஏற்கெனவே குறைவு. தாய்க்குப் பற்றாக்குறை என்றால் தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கும் பற்றாக்குறைதான். இதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரி எப்படித் தப்பியது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எழுத உட்கார்ந்ததால் பழைய பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு. அதிலிருந்தே உங்கள் இணைப்பில் சாமையின் படம் போட்டால் பச்சரிசி நொய் மாதிரி பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. அது தவிடு முழுக்க நீக்கிய சாமை. அதைத் தின்பதற்கு அரிசியே தின்னலாம். தவிடு நீக்காதது மங்கலாக, பழுப்புச் சாயலில் இருக்கும். எண்ணெய்ச் சத்து உள்ளதால் இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க வேண்டும். "கழுவி மூன்று விசில்" என்று எழுதுகிறீர்கள். கழுவினால் போதாது, இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி அரித்தால்தான் கல் அடியில் தங்கும். ஆறு மணி நேரமாவது ஊற வேண்டும். ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், நான்கு விசில், பிறகு சிறு தீயில் ஐந்து நிமிஷம். ஊறாமல் வைத்தால் எத்தனை விசில் வந்தாலும் வாயில் நெருநெருக்கும். குழந்தை ஒரு வாய் துப்பிவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த வீட்டில் சாமைக்கு இடமில்லை.

நிலக்கடலைத் தயிருக்கு மூன்றே வரி ஒதுக்கியிருந்தீர்கள், ரொம்ப நன்றி. அளவு "தேவையான அளவு". ஒரு கப் கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, மூன்று கப் தண்ணீரில் அரைத்து வடிகட்டி, அடி பிடிக்காமல் கிளறிக் கொதிக்க வைக்க வேண்டும். கொதிக்காவிட்டால் பச்சை வாடை போகாது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, உறை ஊற்ற வேறு இல்லையென்றால் ஏழெட்டுப் பச்சை மிளகாய்க் காம்பு போடலாம். முதல் தடவை தளதளவென்றுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு உறை ஊற்றினால் கெட்டியாகும். சூடு ஆறுமுன் போட்டு, உறையாமல் போனதும், "இந்த முறையே சரியில்லை" என்று முடிவு கட்டுபவர்கள்தான் அதிகம். இன்னொன்று, இது பசுந்தயிரின் கால்சியத்தைத் தராது. அதற்குக் கேழ்வரகு, எள், முருங்கைக் கீரை என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு வயதுக் குழந்தைக்கும் "ஒரு சொட்டு எண்ணெயும் கூடாது" என்றது இன்னொரு கொடுமை. நார்ச்சத்தில் அந்தச் சின்ன வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும், ஓடியாடத் தேவையான கலோரி உள்ளே போகாது. கஞ்சியில் ஒரு ஸ்பூன் எள் விழுதோ அரைத்த கடலையோ சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே தலைப்பு: "அம்மா மனசு வைத்தால் ஏழே நாளில்!" பதினான்கு வருஷமாக இப்படிச் சமைக்கும் கை எழுதுகிறது, கேளுங்கள். ஊறவைப்பது, அரிப்பது, அரைப்பது, வடிகட்டுவது, "எனக்கு மட்டும் சோறு போடு" என்கிறவருக்குத் தனியாக உலை வைப்பது, இவற்றில் மனசு வைக்கிற வேலை எது? மாற்றுவதென்றால் வாரத்துக்கு ஒரு வேளை உணவை மாற்றிப் பாருங்கள். முந்தின ராத்திரி ஊறப்போடுவது அப்பாவின் பொறுப்பு என்றும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியையும் யாராவது கத்தரித்து ஒட்டட்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பி12 வரிக்கு ஒரு திருத்தம். சென்ற தடவை திருத்தத்தை ராசிபலனுக்குக் கீழே போட்டீர்கள்; கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
கும்பகோணம்