முழங்கால் வலி பொய், விஜி

அன்புள்ள விஜிக்கு,

நலமா? அண்ணனுக்குச் சர்க்கரை இப்போது எவ்வளவு இருக்கிறது? சின்னவள் மாமியார் வீட்டில் ஒட்டிக்கொண்டாளா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது. சொல்ல வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களைப் போல இதுவும் மேசை டிராயருக்குள் போய்விடும்.

தை மாதம் சின்னவள் கல்யாணத்துக்கு வராததற்கு முழங்கால் வலி என்றேன் அல்லவா? அது பொய். என் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு டிபி என்று சொல்லியிருந்தார்கள். மாத்திரை சாப்பிட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புடவை எடுத்துவைத்து, ரயில் டிக்கெட் வாங்கி, கடைசியில் மண்டபத்தில் அத்தனை குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து இருமுவதை நினைத்துப் பார்த்தேன். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். நீ தொலைபேசியில் கோபமாகப் பேசினாய். "உனக்கு முழங்கால்தான் பெரிது, என் பெண் பெரிதில்லை" என்றாய். அன்று இரவு முழுக்க அந்த வார்த்தைதான் காதில் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் நீ பஸ் பிடித்து வந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. கல்யாண வேலையைப் போட்டுவிட்டு நீ வரக்கூடாது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இருமல் இரண்டு வருடமாகவே இருந்தது, உனக்கே தெரியும். பூசணிக்காய்ச் சமாச்சாரத்தன்று நாம் சிரித்து முடித்த பிறகும் என்னால் இருமலை நிறுத்த முடியவில்லையே, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் சாயங்காலக் காய்ச்சல், எடை ஐம்பத்திரண்டிலிருந்து நாற்பத்திநான்குக்கு இறங்கியது, மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு. ஐப்பசியில் ஒரு மருத்துவமனையில் சளியை எடுத்துப் பார்த்தார்கள். கிருமி தெரிகிறது, டிபி என்றார்கள். வேறு எந்தச் சோதனையும் செய்யவில்லை. அன்றே மாத்திரை.

நான்கு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது, வியர்வை பட்டு வெள்ளை ரவிக்கையில் கறை படிந்தது. இருமல் மட்டும் குறையவில்லை. எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை விஜி, நானேதான் ஒதுங்கினேன். பேரன் கதவுக்கு வெளியே நின்று "பாட்டி, நான் உள்ள வரலாமா?" என்று கேட்பான். வேண்டாம் என்பேன். அந்த நான்கு மாதத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

மாசியில் மகன் வேறு டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் சளியை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். டிபி கிருமி இல்லை என்று வந்தது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் கிருமி இருக்கிறது. எப்படி என்று கேட்டேன். டிபி கிருமிக்குப் பங்காளிகள் நிறைய உண்டாம். சாயம் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி சிவப்புக் குச்சியாகத்தான் தெரியும், முகத்தை வைத்து யார் என்று சொல்ல முடியாது. வெவ்வேறு நாளில் இரண்டு முறை சளி எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார். ஒரு முறை மட்டும் வந்தால் அதை நோய் என்று எடுத்துக்கொள்ள முடியாது, தண்ணீரிலிருந்துகூட வந்திருக்கலாம் என்றார். ஆறு வாரம் காத்திருந்தோம். சித்திரையில் இரண்டிலும் ஒரே பெயர் வந்தது. மைக்கோபாக்டீரியம் இன்ட்ராசெல்லுலேர். சுருக்கமாக 'மேக்' என்கிற கூட்டத்தைச் சேர்ந்ததாம். மண்ணிலும் தண்ணீரிலும் குழாயின் உள்பக்க வழவழப்பிலும் குடியிருக்கும் கிருமி. மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவதில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை டாக்டரை மூன்று முறை சொல்லவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் தனித் தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கினேன். பேரனைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். டிபி மாத்திரைக் கணக்கை முடித்து எழுதுவதற்காக அரசு மையத்துக்குப் போயிருந்தேன். பெஞ்சின் மறு கோடியில் முகமூடி போட்ட ஒரு ஆட்டோக்காரப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். தம்பி போனில் கேட்டான் என்று நான் சத்தமாக, "டிபி இல்லடா, டிபியே இல்ல!" என்றேன். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். போனை வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான்கு மாதம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்தானே நானும்? பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசினேன். அவனுக்கு மரபணுச் சோதனை செய்து டிபி என்று உறுதியாகியிருக்கிறது, மருந்து கேட்கிறது, எடை ஏறுகிறது. ஆறு மாதத்தில் அவனுக்கு முடிந்துவிடும். எனக்கு இப்போதுதான் ஆரம்பம் என்று சொன்னபோது, "அப்ப உங்களுக்குத்தாம்மா கஷ்டம்" என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

இந்தத் தனித் தட்டு விஷயத்தையும் டாக்டரிடம் கேட்டேன். டிபியே ஆனாலும் தட்டு, டம்ளர் வழியாகப் பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும் என்றார். சரியான மருந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டால் அந்தப் பயமும் சீக்கிரம் குறைந்துவிடுமாம். 1956இல் நம் சென்னையிலேயே ஆரம்பித்து ஆராய்ந்திருக்கிறார்கள். பாதி நோயாளிகளை சானடோரியம் என்கிற டிபி ஆஸ்பத்திரியில் வைத்தும் மீதிப் பேரைக் குடிசை வீடுகளிலேயே விட்டும் மருந்து கொடுத்தார்களாம். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு குணமானார்கள், அதனால் அவர்கள் வீட்டு ஆட்களுக்கு அதிகமாக ஒட்டவும் இல்லை. 1959இல் அந்த முடிவு வெளிவந்த பிறகுதான் உலகமே டிபிக்காரர்களை வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கத் தொடங்கியது. என் பெரிய தாத்தாவைத் தாம்பரம் சானடோரியத்தில் கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்தும் திண்ணையோடு நிறுத்தினார்களே, அந்தக் கதையை உன் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அத்தனை வருடத்துக்கு அப்புறம் நான் அதே திண்ணையை என் வீட்டுக்குள் கட்டிக்கொண்டேன்.

இப்போது வைத்தியம் எப்படி என்று கேட்பாய். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் மாத்திரை. அஸித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எத்தாம்பூட்டால். கடைசி இரண்டும் டிபிக்குக் கொடுத்ததுதான், அதனால் ஆரஞ்சு நிறம் தொடர்கிறது. என் நுரையீரலில் குழி விழவில்லை, அதனால் வாரம் மூன்று நாள் போதும் என்றார். குழி இருந்தால் தினமும் சாப்பிட வேண்டுமாம். மாத்திரை நாளில் வாயெல்லாம் இரும்புக் கசப்பு, மத்தியானம் ரசம் சாதம்கூட இறங்காது. எவ்வளவு நாள் என்றால், சளியில் கிருமி இல்லை என்று வந்த நாளிலிருந்து எண்ணிப் பன்னிரண்டு மாதம். அந்த நாள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் மண்ணிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ மறுபடி பிடிக்கலாம். எத்தாம்பூட்டால் கண் நரம்பைத் தொடக்கூடும், முதலில் சிவப்பும் பச்சையும் மங்கும் என்பதால், தொடங்கும் முன்பே புள்ளிப் புள்ளியாக எண் எழுதிய புத்தகத்தைக் காட்டிச் சோதித்தார்கள். நான் தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தினசரி காலண்டரில் ராகுகாலத்தை வாசிக்கிறேன், அப்புறம் மறு கண். இதுவரை இரண்டு கண்ணுக்கும் ஒரே ராகுகாலம்தான்.

மாத்திரையைப் போலவே முக்கியமானது சளியை வெளியேற்றுவது. இதைத்தான் உன்னிடம் நிறையச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஸ்கேனில் என் மூச்சுக்குழாய்கள் சில இடத்தில் விரிந்து தளர்ந்துபோய் இருக்கின்றன. அதற்கு பிராங்கியெக்டாசிஸ் என்று பெயர். அங்கே சளி வடியாமல் தேங்குகிறது, தேங்கிய இடத்தில் கிருமி வளர்கிறது, கிருமி குழாயை இன்னும் கெடுக்கிறது. ரிப்போர்ட்டில் 'துளிர்விட்ட மரம்' என்று பொருள்படுகிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படத்தில் பார்த்தால் நிஜமாகவே சின்னக் கிளைகளில் மொட்டு வைத்த மாதிரிதான் இருக்கிறது. பார்க்க அழகாக இருந்தது. அது என் நெஞ்சு என்று நினைத்ததும் அழுதுவிட்டேன்.

அதனால் காலையும் மாலையும் இருபது நிமிடம். முதலில் நெபுலைசரில் உப்புநீர். பிறகு பக்கவாட்டில் படுத்து மெதுவாக நாலைந்து ஆழ்ந்த மூச்சு. பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவோமே, அந்த மாதிரி வாயைத் திறந்து 'ஹா' என்று வேகமாக ஊத வேண்டும். அடியிலிருந்து சளி மேலே ஏறும், அப்புறம் இருமித் துப்ப வேண்டும். முதல் நாள் என்னால் முடியவில்லை. பிசியோதெரபி பெண், "சத்தமா இருமுங்கம்மா, இங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றாள். எனக்குத் தொண்டையே திறக்கவில்லை.

யோசித்துப் பார் விஜி. நாம் எப்போதாவது சத்தமாக இருமியிருக்கிறோமா? பிரேயரில் இருமல் வந்தால் கணக்கு டீச்சர் திரும்பிப் பார்ப்பார், அடக்கிக்கொள்வோம். பெண் பார்க்க வந்த அன்று அடக்கினேன். மாமனார் தூங்குகிறார் என்று முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன். முப்பத்தொரு வருடம் வகுப்பில் பாடத்தின் நடுவே தண்ணீரைக் குடித்து அடக்கினேன். 1992இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் இதே நோய் வந்த வயதான பெண்கள் ஆறு பேரைப் பற்றி எழுதி, நாகரிகம் கருதி இருமலை அடக்குவதால்தான் வருகிறதோ என்று ஊகித்திருக்கிறார்களாம். அந்த ஊகம் நிரூபணமாகவில்லை என்று டாக்டர் உடனே சொல்லிவிட்டார். எனக்கு அந்த ஆய்வாளர்கள் மேல் கோபம்தான் வந்தது. அடக்கச் சொன்னது ஊர், நோய் வந்தால் பழி எங்களுக்கா? ஆனாலும் இப்போது தினம் இரண்டு வேளை கதவைத் திறந்து வைத்துக்கொண்டே இருமுகிறேன். பக்கத்து வீட்டு அம்மா முதல் வாரம் எட்டிப் பார்த்தார். விளக்கிச் சொன்னேன். இப்போது, "இன்னிக்கு நல்லா வந்துச்சா?" என்று மதில் மேலிருந்து கேட்கிறார்.

செடிகளை எல்லாம் கொடுத்துவிடு என்று நாத்தனார் சொன்னார். நீ கொடுத்த மல்லிப் பதியன் இப்போது தொட்டி நிறைய இருக்கிறது, அதையா கொடுப்பேன்? டாக்டரிடமே கேட்டேன். எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, தோட்டத்தை விட வேண்டியதில்லை, காய்ந்த மண்ணையும் உரத்தையும் தூசி பறக்கக் கிளறாதீர்கள் என்றார். முதலில் தண்ணீர் தெளித்து நனைக்கிறேன், முகமூடி போட்டுக்கொள்கிறேன், அப்புறம்தான் கிளறுகிறேன். ஷவரை எடுத்துவிட்டோம், பழையபடி வாளியும் சொம்பும்.

இன்னொரு விஷயம், நீ துள்ளிக் குதிப்பாய். சொந்த ஊர் எது என்று டாக்டர் கேட்டார். திருவள்ளூர் பக்கம் கிராமம் என்றேன். வயதைக் கணக்குப் போட்டுவிட்டு, "அப்ப 1968க்கும் 71க்கும் நடுவுல உங்க கையில ரெண்டு ஊசி போட்டிருப்பாங்களே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜீப்பில் வந்தார்களே, ஆலமரத்தடியில் மேசை போட்டு, ஊர் முழுக்க வரிசையில் நின்றோமே! பிசிஜி தடுப்பூசி டிபியைத் தடுக்கிறதா என்று பார்த்த செங்கல்பட்டு ஆய்வு அதுதான். முன்கையில் போட்ட இரண்டு ஊசியில் ஒன்று டிபி கிருமியின் சத்து, இன்னொன்று இப்போது என் நெஞ்சில் இருக்கிற இந்தக் கூட்டத்துக் கிருமியின் சத்து. மூன்று நாள் கழித்து வந்து ஸ்கேல் வைத்து வீக்கத்தை அளந்தார்கள். உன் வீக்கம்தான் பெரிது என்று பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாய். நம் பக்கத்து மக்களில் பெரும்பாலோருக்கு அந்த இரண்டாவது ஊசிக்கு வீக்கம் வந்ததாம். மண்ணிலும் தண்ணீரிலும் அந்தக் கிருமிகளோடு எல்லோருக்கும் பழக்கம் ஆகியிருந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று ஆய்வு முடிந்தது. அதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்போதே வந்த கிருமிதான் இப்போது முளைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏரிக்கரையில் நாம் குதித்துக் குளித்த காலத்திலேயே இவர்கள் நம்மோடுதான் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, ஏனோ பயம் கொஞ்சம் குறைந்தது.

ஆடி பிறப்பதற்குள் ஒரு சனிக்கிழமை வருகிறேன். அன்று மாத்திரை கிடையாது, நன்றாகச் சாப்பிட முடியும். சின்னவளையும் மாப்பிள்ளையையும் வரச்சொல். எடுத்துவைத்த புடவை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. காலையில் உன் வீட்டுக் கூடத்தில் இருபது நிமிடம் சத்தமாக இருமுவேன், அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவை.

அந்த ஆய்வில் எல்லோருக்கும் பிசிஜி போடவில்லையாம். சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவர்களுக்கே தெரியாது. என் தோளில் தழும்பு இல்லை, கண்ணாடியில் பார்த்துவிட்டேன். உன் தோளில் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

உன்
மங்கை