ராயபுரம் நிலையத்துக்கு உரிய இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயபுரம் ரயில் நிலையத்தைச் சென்னையின் நான்காவது முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்து அடங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சில் இருப்புப் பாதைகளும் நடைமேடைகளும் இடம்பெறும் அளவுக்கு, பழைய கட்டடமும் அன்றாடப் பயணிகளும் இடம்பெறுவதில்லை என்ற கவலையால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1856 ஜூன் 28 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபு இந்நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 அன்று இங்கிருந்து ஆற்காடு அருகிலுள்ள வாலாஜா ரோடு நிலையத்துக்குப் புறப்பட்ட ரயிலே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். இதற்கு முன்பே 1853-இல் பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையிலும், 1854-இல் ஹவுரா பக்கத்திலும் ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன என்றாலும், அங்கெல்லாம் அன்று எழுந்த நிலையக் கட்டடங்கள் இன்று இல்லாத நிலையில், நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை ராயபுரத்துக்கே உரியது. புனித ஜார்ஜ் கோட்டையும், கறுப்பர் நகரத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) வணிகர்களின் கிடங்குகளும் அருகிலேயே இருந்ததால் அன்றைக்கு இது பொருத்தமான இடமாக இருந்தது. 1873-இல் சென்ட்ரல் நிலையம் வந்தது. 1907-இல் அதுவே முதன்மை நிலையமானது. 1922-இல், அதுவரை ராயபுரத்தில் இருந்த ரயில்வே தலைமை அலுவலகமும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் எழுந்த புதிய கட்டடத்துக்கு மாறிய பின், ராயபுரம் புறநகர் ரயில்கள் நின்று செல்லும் சிறு நிலையமாகச் சுருங்கிப்போனது.

முகப்பில் வரிசையாக நிற்கும் உருண்டைத் தூண்களை அருகில் சென்று பார்த்தால், ஒவ்வொன்றின் உச்சியிலும் கிரேக்கப் பாணி வேலைப்பாடு தெரியும். 2005-இல் கட்டடத்தைப் புதுப்பித்தது பாராட்டத்தக்க பணி. ஆனால், வண்ணம் பூசுவதோடு பாதுகாப்பு முடிந்துவிடாது. பூட்டிக் கிடக்கும் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மெல்லச் சிதையும் என்பதே என் கருத்து. ஒரு பகுதியில் தென்னிந்திய ரயில்வேயின் தொடக்க காலப் படங்களையும் வரைபடங்களையும் வைத்து, பள்ளி மாணவர்கள் வந்து பார்க்க வழி செய்யலாம். கட்டடத்தின் கதையைத் தமிழில் விரிவாகச் சொல்லும் பலகை ஒன்றை, பயணச்சீட்டு வாங்க வருவோரின் கண்ணில் படும்படி நிறுத்த அதிகச் செலவாகாது.

காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வரும் பெண்களும், கடற்கரை நிலையத்தில் வண்டி மாறி வேலைக்குச் செல்வோரும், அரசு மருத்துவமனைகளுக்குப் போகும் முதியவர்களும்தான் இந்தப் பகுதியின் பயணிகள். முனையத் திட்டம் எப்போது வந்தாலும், நடைமேடை முழுவதற்கும் கூரை, தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை, குடிநீர், இரவில் போதிய வெளிச்சம், மேம்பாலம் ஏற முடியாதவர்களுக்கு மின்தூக்கி, நிலைய வாசல்வரை வரும் சிற்றுந்து ஆகியவை அதற்காகக் காத்திருக்கக் கூடாது. கூடுதல் பாதைகள் அமைக்கும் நாளில் பழைய கட்டடத்தின் ஒரு சுவரையும் இடிக்காத வகையில் திட்டம் தீட்டப்பட வேண்டும் என்றும், வரைபடம் இறுதியாவதற்கு முன் பகுதி மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும் ரயில்வே நிர்வாகத்தைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ராயபுரம் வாசகர்,
சென்னை – 13