ரன் பொத்தானுக்குப் பின்னால் நடப்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்காக நீங்கள் வாராவாரம் வெளியிடும் பகுதியை விடாமல் படிக்கிறேன். ஐடிஇ (நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) நிறுவுவது, பிரேக்பாயின்ட் (நிரலை நடுவே நிறுத்தும் இடம்) வைப்பது எல்லாம் தெளிவாக வந்தன. ரன் பொத்தானை அழுத்துவதற்கும் நிரல் ஓடுவதற்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது மட்டும் இன்னும் வரவில்லை. 18 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். என் நேரத்தை அதிகம் தின்றது அந்த இடம்தான்.

ஒரு ப்ராஜெக்டில் பயனருக்குக் காட்டும் பிழைச் செய்திகளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்திருந்தோம். பைதான் ஸ்கிரிப்ட் ஒன்று அதைப் படித்து, ஒரு ஹெடர் ஃபைலையும் ஒரு சிபிபி ஃபைலையும் (இரண்டும் சி++ நிரல் ஃபைல்கள்) எழுதித் தரும். விஷுவல் ஸ்டுடியோ என்ற ஐடிஇ-யில் அந்த டெக்ஸ்ட் ஃபைலின் ப்ராபர்ட்டீஸுக்குப் போய், ஐட்டம் டைப்பை 'கஸ்டம் பில்ட் டூல்' என்று மாற்றி, கமாண்ட் லைனையும் (ஓட்ட வேண்டிய கட்டளை) அவுட்புட்ஸையும் (உருவாகும் ஃபைல்கள்) நிரப்பினேன். 'அடிஷனல் டிபெண்டன்சீஸ்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

ஒரு நாள், மேற்கோள் குறி உள்ள செய்திகள் பாதியில் அறுந்து வருவதைப் பார்த்தேன். தவறு ஸ்கிரிப்டில். திருத்தி பில்ட் செய்தேன், அதாவது மூல ஃபைல்களிலிருந்து ஓடும் நிரலை மறுபடி உருவாக்கச் சொன்னேன். செய்தி அப்படியே அறுந்து வந்தது. வேறு விதமாக எழுதினேன், அதே கதை. இரவு 11 மணி வரை, சரியாக இருந்த ஸ்கிரிப்டையே வரி வரியாகத் துருவிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை சக ஊழியர் ஒருவர் அந்த டெக்ஸ்ட் ஃபைலில் உள்ள பட்டியலில் சம்பந்தமே இல்லாத ஒரு செய்தியைச் சேர்த்தார். கோளாறு போய்விட்டது!

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. டெக்ஸ்ட் ஃபைல் மாறவில்லை, அதனால் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டியதில்லை என்று ஐடிஇ இருந்திருக்கிறது. முந்தைய நாள் முழுக்க அந்த ஃபைல்கள் புதிதாக எழுதப்படவே இல்லை. ஸ்கிரிப்டும் ஓர் உள்ளீடு என்பதை நான் எங்கும் குறிப்பிடவில்லையே, அதற்கு எப்படித் தெரியும்? காலியாக விட்ட கட்டத்தில் ஸ்கிரிப்டின் பெயரை எழுதியதும் சரியாகிவிட்டது.

1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், மாறியவற்றை மட்டும் பார்த்து மறுபடி பில்ட் செய்யும் 'மேக்' என்ற கருவியை எழுதத் தூண்டியதும் இதே போன்ற ஒரு காலைதான். 'யாக்' என்ற இன்னொரு நிரலாக்கக் கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் அவரிடம் கோபமாக வந்தார். பிழையைத் திருத்திய ஃபைல் மறுபடி கம்பைல் ஆகாததால் (இயந்திர மொழிக்கு மாற்றப்படாததால்), சரியான நிரலில் தவறு தேடி ஒரு காலையே வீணாகியிருந்தது. இன்று சிமேக் என்ற பில்ட் கருவியில் 'ஆட் கஸ்டம் கமாண்ட்' எழுதும்போது அவுட்புட் (உருவாகும் ஃபைல்கள்), டிபெண்ட்ஸ் (அவை சார்ந்திருக்கும் ஃபைல்கள்) என்று கேட்பதும் இதற்காகத்தான்.

இப்படி ஸ்கிரிப்டால் உருவான ஃபைலைக் கையால் திருத்துவது இன்னொரு தொல்லை. அடுத்த பில்டில் அந்தத் திருத்தம் அழிந்துபோகும். இன்டெல்லிஜே என்ற ஐடிஇ-யில் அந்த ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரை 'ஜெனரேட்டட் சோர்சஸ் ரூட்' என்று குறித்தால் திருத்த முனையும்போதே எச்சரிக்கும். எக்லிப்ஸ் என்ற ஐடிஇ-யில் 'டிரைவ்ட்' (வேறொன்றிலிருந்து உருவானது) என்ற குறி இருக்கிறது. இந்த ஃபைல்களை கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்க்காமல் பில்ட் ஃபோல்டருக்குள்ளேயே வைப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. அவற்றை உருவாக்கும் டூல் எல்லோரிடமும் இருக்காது என்றால் மட்டும் சேர்க்கலாம். ஜெனரேட்டரை (ஃபைலை உருவாக்கித் தரும் ஸ்கிரிப்டை) நாமே எழுதுவதானால், ஒவ்வொரு பகுதியும் மூல ஃபைலின் எந்த வரியிலிருந்து வந்தது என்று சொல்லும் '#லைன்' வரிகளையும் அது எழுதட்டும். பிழை தேட உதவும் டீபக்கர் மூல ஃபைலிலேயே வந்து நிற்கும்.

அடுத்து வரும் வாரங்களில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சின்னப் பயிற்சி ஒன்றும் கொடுங்கள்: மாணவர்கள் ஒரு ஸ்கிரிப்டை ஐடிஇ-யில் பில்ட் டூலாக இணைக்கட்டும். பிறகு, அது படிக்கும் பட்டியலைத் தொடாமல் ஸ்கிரிப்டை மட்டும் மாற்றி பில்ட் செய்துவிட்டு, உருவான ஃபைலின் நேரம் மாறியிருக்கிறதா என்று பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி